"என்ட வாயப் பாரு"



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதான உம்மா, வாப்பா, மூத்தம்மா, மூத்தாப்பா இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். மூத்தம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்க புள்ள, நாலு பேருக்கு உதவும். என்ட பேர மட்டும் போடாதீங்க" என்று சொன்னார்.

நாங்கள் என்பது ஒரே வளவுக்குள் இருக்கிற மூன்று சகோதரிகள். உம்மாவின் வீடு நடுவில், எங்கள் வீடுகள் சுற்றி. மூத்தம்மா உம்மாவோடு இருக்கிறார். வயது 78.

எங்கள் தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் நிறையப் பேர் மூத்தம்மாவிடம் ஓதப் படித்தவர்கள். அஸருக்குப் பிறகு விறாந்தையில் பாய் விரித்து, ஒரு பிரம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பார். அந்தப் பிரம்பால் யாருக்கும் அடித்ததாக எங்களுக்கு நினைவில்லை. எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் விடமாட்டார். 'ஸே'க்கு நாக்கு நுனி மேல்பல்லின் நுனியில் பட வேண்டும். 'ஃபே'க்கு மேல்பல் கீழுதட்டின் உட்பக்கத்தைத் தொட வேண்டும். பிள்ளை பிழையாகச் சொன்னால், "காதால கேட்டாப் போதாது மகள், என்ட வாயப் பாரு" என்பார். பிள்ளைகள் முகத்துக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்துத்தான் சரியாகச் சொல்லப் பழகும். நாங்கள் மூவரும் அப்படித்தான் பழகினோம்.

அந்தக் குரல் ஒரு நாள் நின்றுபோனது. எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியாது. அதுதான் இந்தப் பதிவின் வெட்கம்.

இரண்டு நோன்புக்கு முன்னால் என்று நினைக்கிறோம். சுபஹுக்குப் பிறகு யாசீன் ஓதுகிற சத்தம் கேட்பதில்லை. கேட்டால், "கண்ணால ஓதுறன்" என்றார். தொண்டை சரியில்லையாக்கும் என்று இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தோம். பிறகு சாப்பாடு குறைந்தது. ரொட்டி வேண்டாம், இறைச்சி வேண்டாம், இடியப்பம் என்றால் ஆணத்தில் ஊறவிட்டு இரண்டு. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பார். முன்பெல்லாம் சஹனில் முதலாவதாகக் கை வைக்கிறவர், இப்போது அடுத்தவர்களோடு சஹனில் இருக்கவே மறுத்தார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சீனி பார்த்தோம், பிரஷர் பார்த்தோம், இரத்தம் பார்த்தோம், கண் பார்த்தோம். சத்துமா டின் வாங்கி வைத்தோம். ராத்தா சொன்னார், தம்பி மவுத்தான கவலை என்று. நடுவில் உள்ளவள், இது மறதி நோயின் தொடக்கம், ஓதினதெல்லாம் மறந்துபோச்சு, அதை மறைக்கிறார் என்று பயந்தாள். கடைசியில் உள்ளவள், பிடிவாதம் என்றாள். ஒரு நாள் கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்து, "நீங்க சாப்பிடாட்டி நாங்க எல்லாரும் சாப்பிடமாட்டம்" என்று சத்தம் போட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தார். அந்தக் காட்சி இன்றும் எங்களைக் குத்துகிறது. நோவோடு குடித்திருக்கிறார்.

ஒரு இடத்தில் டொக்டரிடம் காட்டியபோது, ரிப்போட்டெல்லாம் நல்லம், வயசு தானே என்று சொல்லி அனுப்பினார். நாங்களும் அதை நம்பினோம். நம்புவதற்கு வசதியான சொல் அது. மூத்தம்மாவின் கிளினிக் கொப்பியைப் பிறகு புரட்டிப் பார்த்தோம். சீனி, பிரஷர், நிறை, கண், கால் எல்லாம் இருந்தது. வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. கொப்பியைக் குற்றம் சொல்லி என்ன? ஒரே வளவுக்குள் இருக்கிற நாங்களே கேட்கவில்லையே.

கண்டுபிடித்தது ராத்தாவின் மகள். ஏழு வயது. மத்ரஸாவில் 'ஸே' வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். மூத்தம்மாவிடம் போனாள். மூத்தம்மா முதலில் மறுத்தார். பிள்ளை விடவில்லை. கடைசியில் பழைய பழக்கத்தில், "சரி, என்ட வாயப் பாரு" என்றார். பிள்ளை பார்த்தது. ஓடி வந்து சொன்னது: "உம்மா, மூத்தம்மாட பல்லு ஆடுது. உள்ளுக்க வெள்ளையா ஒண்டு ஒட்டிக் கெடக்கு."

அன்று இரவு இஷாவுக்குப் பிறகு மூவரும் போய் இருந்தோம். வாயைத் திறக்கச் சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மூத்தம்மா கட்டுப்பல் இல்லாமல் இருந்ததை அவருடைய மாப்பிள்ளையே கண்டதில்லையாம். எங்கள் மூத்தாப்பா மவுத்தாகி ஒன்பது வருடம். அவர் எழும்புவதற்கு முன்னால் எழும்பி, பல்லைப் போட்டுக்கொண்டுதான் முகம் காட்டுவார். "உங்களுக்கு முன்னால பொக்கை வாயோட இரிக்கச் சொல்லுறீங்களா?" என்று கேட்டார். ஆண்கள் யாரும் வரமாட்டார்கள் என்று கதவைப் பூட்டினோம். உம்மா பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். போன் டோர்ச்சைப் போட்டோம்.

கீழ்க்கட்டுப்பல்லைக் கழற்றும்போது ஒரு பஞ்சுத்துண்டும் சேர்ந்து வந்தது. அதைத்தான் மெத்தைபோல வைத்துச் சமாளித்திருக்கிறார். முரசில் ஒரு நீளமான புண். மேல்பல்லைக் கழற்றினால் அண்ணம் முழுக்கச் சிவந்து கிடந்தது. வலது கன்னத்தின் உட்பக்கம், வெற்றிலைச் சக்கையை அடக்குகிற இடத்தில், வழித்தால் போகாத ஒரு வெள்ளைப் படலம். மூத்தம்மாவுக்கு வெற்றிலையை மெல்லப் பல் போதாமல் போய்ப் பல வருடம். சின்ன உரலில் பாக்கும் புகையிலையும் சேர்த்து இடித்து, கன்னத்தில் அடக்கிக்கொள்வார். உரல் சத்தம் கேட்டால் மூத்தம்மா சந்தோசமாக இருக்கிறார் என்று நாங்கள் நினைப்போம்.

"எப்ப இருந்து நோகுது மூத்தம்மா?"

"நோன்புக்கு முந்தி."

"ஏன் சொல்லல்ல?"

"பல்லுக்குப் போய் என்னத்தச் சொல்ற? உங்களுக்கு எவ்வளவு வேல."

அடுத்த கிழமை அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த டொக்டர் ஒரு பெண். மூத்தம்மாவைக் கதிரையில் சாய்த்து, ஒவ்வொன்றாக விளக்கினார். பல் விழுந்த பிறகு தாடை எலும்பு வருடம் வருடமாகத் தேய்ந்து சுருங்கும். பல் கட்டிய நாளில் பொருந்தியது பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பொருந்தாது. ஆடும், உராயும், புண்ணாக்கும். இரவும் கழற்றாமல் போட்டிருந்தால் அதன் அடியில் பங்கசு வளரும். அண்ணம் சிவந்தது அதனால். இவை இரண்டுக்கும் வழி இருக்கிறது. கன்னத்து வெள்ளையைத்தான் உடனே பார்க்க வேண்டும் என்று, பெரிய ஆஸ்பத்திரியின் வாய், தாடை சத்திர சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தந்தார். அங்கே சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. உம்மா தஹஜ்ஜுத்தில் அழுகிறது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். மூத்தம்மாதான் எங்களைத் தேற்றினார்.

அல்ஹம்துலில்லாஹ், புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பக்கூடிய மாற்றம் கலங்களில் தொடங்கியிருக்கிறது என்றார்கள். படலத்தை எடுத்தார்கள். வெற்றிலை அன்றோடு நிறுத்தம். சில மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். "இன்னும் ஒரு வருசம் பிந்தி வந்திருந்தா வேற கதை கதைச்சிருப்பம்" என்று டொக்டர் சொன்னதை நாங்கள் மறக்கமாட்டோம்.

எங்கள் நாட்டில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கும் வருகிறது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985 இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூட அப்படித்தான் என்று 2004 இல் வெளியிட்டது. "நான் புகையில போடுறல்ல, பாக்கு மட்டும்தான்" என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த நோயில் ஒரு ரஹ்மத்தும் இருக்கிறது. ஈரலுக்குள்ளோ குடலுக்குள்ளோ ஒளிந்திருக்கிற நோய் இல்லை. வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற இடம். ஏழு வயதுப் பிள்ளைக்கே தெரிந்தது.

எங்களில் ஒருத்தி படிப்பிக்கிற பாடசாலையில், பல் சிகிச்சைக்கு என்று வந்து பிள்ளைகளின் வாயை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள். பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு நாட்டில் பாடசாலைப் பல் சேவை இருக்கிறது. நல்ல சேவை. வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் ஒரு யோசனை வருகிறது. இந்தப் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிவருகிற மூத்தம்மாவின் வாயை யார் பார்க்கிறார்கள்? 2012 கணக்கெடுப்பிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இப்போது அதைவிடக் கூட. அவர்களுக்கு வரிசை இல்லை. அவர்களாகப் போனால்தான் உண்டு. அவர்கள் போகமாட்டார்கள், ஏனென்றால் "பல்லுக்குப் போய் என்னத்தச் சொல்ற?"

பல் விழுவது முதுமையின் சட்டம் என்ற எண்ணமும் எங்களிடம் இருந்தது. அது சரியில்லை. ஜப்பானில் 1989 இல் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 80 வயதிலும் 20 சொந்தப் பல் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இருபது இருந்தால் கிட்டத்தட்ட எல்லாச் சாப்பாட்டையும் மெல்லலாம் என்பது கணக்கு. 2016 இல் பார்த்தபோது அந்த வயதுக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை அடைந்திருந்தார்கள். பல்லை விழுத்துவது வருடங்கள் இல்லை. சொத்தையும் முரசு நோயும்தான். சீனி வியாதி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் கூடும். முரசு நோய் கூடினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். எங்கள் ஊரில் சீனி இல்லாத வீடு எது?

மூத்தம்மாவின் விசயத்துக்குப் பிறகு நாங்கள் தேடி வாசித்தோம். முதியவர்களின் வாயைப் பார்ப்பதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களுக்காக ஜேன் சால்மர்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அதைச் செப்பனிட்டு 2005 இல் வெளியிட்டார்கள். பல் டொக்டர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. தாதிமாரும் பராமரிக்கிறவர்களும் செய்யலாம். எட்டு விசயம் பார்க்கச் சொல்லுகிறது: உதடு, நாக்கு, முரசும் வாயின் உட்சதையும், எச்சில், சொந்தப் பல், கட்டுப்பல், வாயின் சுத்தம், வலி. ஒவ்வொன்றுக்கும் நல்லமென்றால் 0, மாற்றம் இருந்தால் 1, மோசமென்றால் 2. எங்கள் மூத்தம்மாவுக்கு அன்று இரவு போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. புள்ளி போடுவதைவிட, எட்டில் ஒன்றையும் விடாமல் பார்ப்பதுதான் விசயம். வலியைக்கூட வாயால் சொன்னால்தான் என்றில்லை. மறதி நோய் வந்தவர்கள் சொல்லமாட்டார்கள். கன்னத்தைத் தடவுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, முகம் கழுவும்போது கையைத் தட்டிவிடுவது எல்லாம் வலியின் பேச்சாக இருக்கலாம்.

பிறகு தெருவில் தெரிந்த சில வீடுகளுக்கு அஸருக்குப் பின் போனோம். டொக்டராக இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக. மூத்தம்மாவும் கூட வந்தார். அவர் வந்ததால்தான் கதவும் திறந்தது, வாயும் திறந்தது. "நானும் மறைச்சன், நீங்க மறைக்காதீங்க" என்று அவரே முதலில் சொல்லிவிடுவார். யார் வீடு என்று தெரியாதபடி சிலதைச் சொல்லுகிறோம்.

ஒரு வீட்டில் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிற ஒரு பெரியவர். மகள்மார் நன்றாகப் பார்க்கிறார்கள். உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றி, ஒரு படுக்கைப்புண் இல்லை. ஆனால் இழுத்த பக்கத்துக் கன்னத்துக்குள் முதல் நாள் சோறு அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி இல்லை, சோறு நிற்பது தெரியாது. இப்படி அழுக்கான வாயிலிருந்து எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நியூமோனியா வரலாம். அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது, எங்களுக்கும் முன்பு தெரியாது. இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் கன்னத்தின் உட்பக்கத்தைத் துடைக்கிறார்கள்.

இன்னொரு வீட்டில் ஒரு உம்மா. எந்த நேரமும் வாயில் டொபி. வாய் காய்கிறது, பேச நாக்கு ஒட்டுகிறது, அதனால் டொபி. பிரஷருக்கும் நித்திரைக்கும் எடுக்கிற மருந்துகளில் சிலது எச்சிலைக் குறைக்கும். எச்சில் குறைந்தால் பல்லுக்குக் காவல் இல்லை. அதற்கு மேல் இனிப்பு. முரசு இறங்கி வெளியே தெரிகிற பல்வேர்கள் எல்லாம் சொத்தை. டொபிக்குப் பதிலாக அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் என்று சொன்னோம். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் தானாக நிறுத்தக்கூடாது. அடுத்த கிளினிக்கில், "வாய் காயுது" என்று டொக்டரிடம் சொல்லச் சொன்னோம். மாற்ற முடியுமா என்று அவர்தான் பார்ப்பார்.

மூன்றாவது வீட்டில் ஒரு காக்கா, அறுபதைத் தாண்டியவர். அவருடைய மனைவி மூலமாகத்தான் கேட்டோம். மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக வாயில் வைக்க ஏலுமா என்று. ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. பாக்கு நெடுங்காலம் போட்டவர்களின் கன்னச் சதை இப்படி இறுகிப் போகும். உறைப்பு பட்டால் எரியும். இதுவும் புற்றுநோய்க்கு முந்திய நிலைதான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் சம்மதிக்கவில்லை. துஆ செய்யுங்கள்.

இந்த வீடுகளில் நாங்கள் படித்த பாடம் ஒன்று. வாயில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பாதிதான். அதனால் அந்த மனிதர் எதை இழந்தார் என்று கேட்பது மற்றப் பாதி. ஒருவர் சொன்னார், "இறைச்சி ஒரு துண்டு மெண்டு திண்டாப் போதும்." ஒரு மாமிக்குச் சாப்பாடு பிரச்சினையே இல்லை. கட்டாரில் இருக்கிற மகன் வீடியோ கோலில் வரும்போது முகத்தை முந்தானையால் மூடாமல் பேச வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மூத்தம்மாவுக்கு ஓத வேண்டும். ஆடுகிற பல்லோடு 'ஃபே' சொன்னால் காற்றுப் போனது, 'ஸே' சொன்னால் பல் டக்கென்று தட்டியது. ஐம்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துத் திருத்தியவர், பிழையாக ஓதுவதைவிடச் சத்தமில்லாமல் ஓதுவது மேல் என்று முடிவெடுத்திருக்கிறார். நாங்கள் அதை மறதி என்றோம்.

அதனால் முதலில் கேளுங்கள். எங்கள் வீட்டில் கேட்கிற கேள்விகள் இவைதான்:

முன்பு விரும்பிச் சாப்பிட்ட எதை இப்போது விட்டிருக்கிறீர்கள்?
எந்தப் பக்கத்தால் மெல்லுகிறீர்கள்? மற்றப் பக்கம் ஏன் இல்லை?
தண்ணீர் இல்லாமல் சோறு இறங்குமா?
வாயில் எங்கேயாவது நோவு, எரிவு இருக்கிறதா?
பல்லாலோ வாயாலோ ஆட்களோடு இருந்து சாப்பிட, பேச, ஓத வெட்கமாக இருக்கிறதா?

பிறகு பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்குக் கிட்ட இருத்தி, டோர்ச்சும் பிடித்து, கையைக் கழுவி. பார்மசியில் கிளவுஸ் கிடைக்கும். கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பல்லே இல்லாத வாயையும் பார்க்க வேண்டும். இரண்டு கன்னத்தின் உட்பக்கம், உதட்டின் உட்பக்கம், அண்ணம், நாக்கின் மேல், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கைத் தூக்கி அதன் அடி. ஆறாத புண், வெள்ளையோ சிவப்போ படலம், கட்டி, காரணமில்லாமல் இரத்தம், வாய் திறக்க ஏலாமை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் பூசுமருந்து வாங்கிப் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். நோவில்லை என்பதும் நல்ல அடையாளம் இல்லை. மூத்தம்மாவின் முரசுப் புண் நொந்தது. ஆபத்தான அந்த வெள்ளைப் படலம் ஒரு நாளும் நோகவில்லை.

கட்டுப்பல் உள்ளவர்களுக்கு: இரவில் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். சவர்க்காரமும் மென்மையான பிரஷும் போதும், பற்பசை கட்டுப்பல்லைக் கீறும். சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். கழுவும்போது பேசினில் ஒரு துணியை விரித்துக்கொண்டால் விழுந்தாலும் உடையாது. ஆடினால் பஞ்சு வைக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து மலிவாகக் கட்டித்தருகிறவர்களிடம் கொடுக்க வேண்டாம், அவர்கள் வாயின் நோயைப் பார்க்கமாட்டார்கள். பல் பிரிவுக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் எல்லா மருந்தையும் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வெற்றிலையைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் உரலை ஒளித்து வைத்தோம். அது பிழை. மூத்தம்மாவுக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு அது வெறும் பழக்கம் இல்லை. மூத்தாப்பா இருக்கும்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஒரே தட்டில் இருந்து போட்ட வெற்றிலை. பிறகு உரலைத் திருப்பிக் கொடுத்தோம். அவரே அதைக் கழுவிக் காயவைத்து, ஏலக்காயும் கராம்பும் இடிக்க வைத்துக்கொண்டார். விடச் சொல்லுவது நம் கடமை. அந்த நேரத்தைத் தனியாகக் கழிக்க விடாமல் பக்கத்தில் போய் இருப்பதும் நம் கடமை.

எங்கள் மார்க்கம் வாயைப் பற்றி எவ்வளவு சொல்லியிருக்கிறது. வுழூவில் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிக்கிறோம். மிஸ்வாக்கை ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்த சுன்னத் நடுங்குகிற கைக்கு ஏலாமல் போகும்போது, பிரஷைப் பிடித்துக் கொடுக்கிற கை எங்களுடையதாக இருக்க வேண்டாமா?

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் முதியோர் சங்கத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். வைத்திய முகாம் வைக்கும்போது சீனி, பிரஷர், கண்ணோடு வாய்க்கும் ஒரு கதிரை போடுங்கள். பெண்களுக்குத் திரையும், முடிந்தால் பெண் டொக்டரும் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் இல்லாத முதியவர்களை மாதம் ஒரு நாள் கூட்டிப்போக, ஓட்டோ வைத்திருக்கிற தம்பிமார் நாலு பேர் போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பது இலவசம். கஷ்டமாக இருப்பது வாகனமும் வெட்கமும்தான்.

மூத்தம்மாவுக்கு இப்போது புதுக் கட்டுப்பல். பழகக் கொஞ்சக் காலம் எடுத்தது. கன்னத்தைக் காட்ட அடுத்த மாதமும் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் போய் வரும்வரை எங்களுக்குப் பயம்தான். நிறை கொஞ்சம் கூடியிருக்கிறது. போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் சஹனுக்கு முன்னால் இருந்து, "அந்த இறைச்சித் துண்டை இஞ்சால தள்ளுங்க" என்று கேட்டார்.

சுபஹுக்குப் பிறகு யாசீன் சத்தம் திரும்பவும் கேட்கிறது. முந்திய குரல் இல்லை, சில எழுத்தில் இன்னும் காற்றுப் போகிறது. ராத்தாவின் மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு இருப்பாள். சில நேரம் மூத்தம்மா நிறுத்தி, "சரியா வந்திச்சா? பார்த்துச் சொல்லு" என்று அவளிடம் கேட்பார்.

இன்றைக்கே உங்கள் வீட்டு மூத்தவருக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம் இருங்கள். கேளுங்கள், பாருங்கள். பயன்படும் என்று நினைத்தால் மற்றவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் எங்கள் பெரியவர்களுக்கு ஆபியத்தைத் தருவானாக. அவர்கள் சொல்லாததையும் விளங்கிக்கொள்ளுகிற பிள்ளைகளாக எங்களை ஆக்குவானாக. ஆமீன்.